மாதம்மாளின் ராணித் தலை ரூபாய்

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுச் சின்னராசுவிடம் ஒரு ரூபாயைக் கொடுத்தால் அதை உடனே மடியில் கட்ட மாட்டார். முதலில் வெயில் பக்கமாகத் திரும்பி நிற்பார். காசின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக் கொஞ்சம் சாய்ப்பார், மறுபடி கொஞ்சம் நிமிர்த்துவார். காசில் இருக்கும் முகத்தின் மேல் விரல் படவே படாது. பிறகு திருப்பி மறுபக்கத்தையும் அப்படியே பார்ப்பார். மிளகு வாங்கிய வியாபாரி நின்று நெளிந்துவிட்டு, "ஏனுங்க, நல்ல காசுதானுங்க, நம்பி வாங்குங்க" என்பார்.

"நல்ல காசுன்னு தெரியுதுங்க. எவ்வளவு நல்லதுன்னுதான் பாக்கறேன்" என்பார் சின்னராசு.

கொல்லிமலையை விட்டு அவர் அதிகம் வெளியே போனதில்லை. கொஞ்சம் வயல், சரிவில் கையால் கொத்தி விதைக்கும் கொஞ்சம் கொத்துக்காடு, பலா மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகள், இவ்வளவுதான் சொத்து. சாமையும் கேழ்வரகும் வீட்டுக்கு ஆகும். மிளகை மட்டும் தலைச்சுமையாகப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறக்கி, விற்றுவிட்டு, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறி வருவார். எழுத்துப் படித்தவர் இல்லை. இலக்கம் மட்டும் தெரியும். அதுவும் காசில் போட்டிருக்கும் வருடத்தைப் படிக்க ஆசைப்பட்டு, சந்தையில் ஒரு புகையிலை வியாபாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

இந்தப் பழக்கம் அவருக்குக் கல்யாணமான புதிதில் பிடித்தது. ஒருநாள் மிளகு விற்ற பணத்தில் விக்டோரியா ராணியின் தலை போட்ட ரூபாய்கள் இரண்டு சேர்ந்து வந்தன. இரண்டிலும் ஒரே வருடம். ஒன்றில் ராணியின் கிரீடத்து முத்துகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. காதுக்கு மேலே வாரிவிட்ட முடி இழை இழையாக நின்றது. இன்னொன்றில் கன்னமும் முடியும் கிரீடமும் ஒன்றாகி, ஆற்றில் உருண்ட கூழாங்கல்லில் ஒரு பெண்பிள்ளையின் நிழல் விழுந்தது மாதிரி இருந்தது. ஒரே நாளில் ஒரே அச்சில் அடித்த காசுகளாகக்கூட இருக்கலாம். ஒன்று எங்கேயோ பத்திரமாகத் தூங்கியிருக்கிறது, மற்றது எத்தனையோ கைகளில் அலைந்திருக்கிறது. சின்னராசு மலையேறும் வழி நெடுக இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். வழக்கமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் சுனையைத் தாண்டி வந்துவிட்டதுகூடத் தெரியவில்லை.

அதிலிருந்து அவர் காசுகளைத் தரம் பிரித்து வைக்கத் தொடங்கினார். யாரும் சொல்லிக் கொடுத்து அல்ல, பார்த்துப் பார்த்து அவராகவே ஒரு முறை கண்டுபிடித்துக்கொண்டார். தேய்மானம் முதலில் எங்கே விழும் என்று கவனித்தார். காசைக் கீழே வைத்தால் மேட்டுப் பகுதிதான் தரையில் உரசும். ராணியின் கன்னமும் காதுக்கு மேல் முடியும்தான் மேடு. ஆகவே அங்கே முதலில் போகும். பிறகு புருவம், அப்புறம் சட்டையில் இருக்கும் பூ வேலை, கடைசியில் கிரீடம். எதுவும் தேயாத காசுக்கு அவர் வைத்த பெயர் 'பொறந்தமேனி'. கன்னம் மட்டும் லேசாக மங்கியிருந்தால் 'தொட்டது'. அதற்குக் கீழே 'புழங்குனது', 'தேஞ்சது'. முகமே போய்விட்டால் 'மொட்டை'. ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு மூங்கில் குழாய். காசோடு காசு உரசாமல் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றிக் குழாயில் இறக்கி, வாயைக் கட்டைத் தக்கையால் அடைத்து, அடுப்புப் புகை எட்டாத மூலையில் சாத்தி வைப்பார். மொட்டைக் குழாயும் தேஞ்ச குழாயும் சீக்கிரம் நிறைந்துவிடும், அதிலிருந்து எடுத்துச் செலவு செய்வார். பொறந்தமேனிக் குழாயில் மட்டும் இத்தனை வருடத்தில் காலணாவும் இரண்டணாவுமாகச் சில சில்லறைகள்தான் சேர்ந்திருந்தன. முழு ரூபாய் ஒன்றுகூட அதற்குள் போனதில்லை.

அவர் மனைவி பாப்பாத்தி நல்ல சுறுசுறுப்பு, நல்ல வாய். ஒரு தை மாதப் பொங்கல் நோன்புக்கு வீடு மெழுகிச் சுத்தம் செய்யும்போது, புருஷனுக்கு ஆசையான சாமான் ஆயிற்றே என்று குழாய்களைக் கவிழ்த்துக் காசுகளையெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் காயவைத்துவிட்டாள். காட்டிலிருந்து வந்த சின்னராசு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாருங்க, எப்படி மின்னுதுன்னு!" என்றாள் பாப்பாத்தி.

அவர் ஒரு காசை எடுத்து வெயிலில் சாய்த்தார். "மின்னுது புள்ள. ஆனா ஓடலையே" என்றார்.

தேய்க்காத நல்ல காசைச் சாய்த்தால் வெளிச்சம் வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி காசின் மேல் சுற்றி ஓடும். அச்சில் அடிபட்டபோது வெள்ளியின் மேல் உண்டான மெல்லிய தோல் அது. ஒரு முறை புளி பட்டால் போயிற்று, திரும்ப வராது. அன்று 'பொறந்தமேனி', 'தொட்டது' குழாய்களில் இருந்ததெல்லாம் இரண்டு படி கீழே இறங்கியது. சின்னராசு திட்டவில்லை. சாப்பிடாமல் போய் மிளகுக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அது பாப்பாத்திக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது. "வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை வைஞ்சிட்டாவது சோறு தின்னுங்க" என்று காட்டுக்கே சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்கப்புறம் குழாய்கள் பக்கம் அவள் கை போகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடம் மாசி மாதம் சந்தையில் தண்டோரா போட்டார்கள். ராணித் தலை போட்ட ரூபாய் பங்குனி பாதியோடு செல்லாது, வைத்திருப்பவர்கள் அதற்குள் மாற்றிக்கொள்ள வேண்டும், தவறினால் கஜானாவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சேதி. சீமையில் நடக்கும் சண்டைக்கு வெள்ளி வேண்டுமாம், அதனால் வெள்ளி அதிகம் உள்ள பழைய காசையெல்லாம் திரும்ப எடுக்கிறார்களாம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். சேதி மலைக்கு ஏறியதும், கூரையில் செருகியது, தானியத்தில் புதைத்தது, கழுத்தில் கோத்தது எல்லாம் வெளியே வந்தன. கீழே வரை போக முடியாதவர்கள் சின்னராசுவின் வீட்டுக்கு வந்தார்கள்.

அவர் தலைக்குத் தலை மாற்றிக் கொடுத்தார். ராணித் தலை ஒன்றுக்கு, இன்னும் செல்லுகிற ராசா தலை ரூபாய் ஒன்று. லாபமும் கிடையாது, நட்டமும் கிடையாது. அவருக்கு வேண்டியதெல்லாம் அத்தனை காசையும் ஒரு முறை கையில் வாங்கிப் பார்ப்பதுதான். வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்ட காசு, ஓட்டை போட்ட காசு, பிள்ளை கடித்துப் பல் பதிந்த காசு என்று எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் வெயிலில் சாய்த்தார். நல்லதாக நாலைந்து கிடைத்தன, அவையும் 'தொட்டது'தான்.

பாப்பாத்திக்கு இது பிடிக்கவில்லை. அந்த வருட மிளகுப் பணத்தில் ஒரு கறவை மாடு வாங்க வேண்டும் என்பது அவள் கணக்கு. "நாளைக்குச் செல்லாதுன்னு சொல்ற காசை வாங்கிப்போட்டுச் செல்லுற காசை எடுத்துக் குடுக்கற ஆளை நான் எங்கயும் பாத்ததில்லீங்க" என்றாள்.

"கஜானாவுல மாத்திக்கலாம் புள்ள. நாமக்கல் போனா ஆச்சு."

"நாமக்கல் என்ன நம்ம கொல்லையிலயா இருக்குது?"

இப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான், சந்தைக்கு முதல் நாள் மத்தியானம், மலையின் இன்னொரு பக்கத்து எடப்புளி நாட்டிலிருந்து மாதம்மாள் வந்தாள். ஐம்பதை நெருங்கிய வயது. நெற்றியில் திருநீறு மட்டும். தனியாகக் காடு கொத்திச் சாப்பிடுகிறவள் என்பது அவள் கையைப் பார்த்தாலே தெரிந்தது. பாப்பாத்தி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்தாள்.

"தம்பி, காசுல எது நல்லது, எது கெட்டதுன்னு நீங்க பாத்துச் சொல்லுவீங்கன்னு சொன்னாங்க. இது செல்லுமான்னு பாருங்க."

முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. சின்னராசு அதை வெட்டாமல், மாட்டுக் கொம்பில் செதுக்கிய ஊசியால் மெதுவாக நெம்பி அவிழ்த்தார். துணி விரிந்ததும் அதன் மேல் குனிந்தார்.

ராணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றாம் வருடம். விளிம்பைப் பிடித்து வாசலுக்குப் போய் வெயிலில் சாய்த்தார். வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றி ஓடியது. இன்னும் சாய்த்தார், இன்னொரு சுற்று. கன்னம் முழுசாக இருந்தது. காதுக்கு மேல் முடி ஒவ்வொரு இழையும் தனியாக நின்றது. சட்டையின் பூவுக்குள் இருக்கும் சின்ன நரம்புகளை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. அங்கே நரம்பு இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. ஓரத்தில் மட்டும் மஞ்சள் துணியின் சாயம் இறங்கி, பொன் பூசின மாதிரி ஒரு வளையம். விளிம்பைச் சுற்றிப் பொடிப் பொடியாக வெட்டியிருந்த கொத்து வரிகள் விரலில் நறுக்கென்று பட்டன.

"பாப்பாத்தி, இங்க வா, வந்து பாரு! பொறந்தமேனி! இது இன்னும் ஒருத்தர் கைக்கும் போகாத காசு!" குரல் அவரையும் மீறி உயர்ந்துவிட்டது. மாதம்மாளைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, எப்படிங்க இப்படியே வெச்சிருந்தீங்க?" என்றார்.

மாதம்மாள் விரிந்து கிடந்த மஞ்சள் துணியை நீவிவிட்டாள். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஊர் பூரா காய்ச்சல் வந்துச்சுங்களே, ஒரு வருசம், ஊட்டுக்கு ஊடு எழவு உழுந்துச்சே. அப்ப எங்க ஊட்டுக்காரருக்கும் வந்துச்சு. அவரு சந்தனக்கட்டை செமக்கப் போய் வாங்குன கூலி இது. எந்திரிச்சு நடந்தார்னா எட்டுக்கை அம்மனுக்குப் போடறேன்னு மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சேன். அவரு எந்திரிக்கல." முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "அவரைப் பொழைக்க வெக்காத சாமிக்கு எதுக்குப் போடணும்னு போடல. சாமிக்குன்னு முடிஞ்சதை எடுத்துச் செலவழிக்கவும் மனசு வரல. சாமைப் பானைக்குள்ள போட்டு வெச்சேன். வருசா வருசம் புதுச் சாமை கொட்டறப்ப எடுத்து மறுபடியும் உள்ள வெப்பேன். அவ்வளவுதானுங்க."

சின்னராசுவின் கையில் காசு திடீரென்று கனத்தது. இத்தனை தெளிவாக அந்த முகம் நிற்பதற்குக் காரணம் என்ன என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் தான் போட்ட கூச்சலை நினைத்து உடம்பு கூசியது. காசை மறுபடியும் துணியின் மேல் வைத்தார்.

"தெரியாம சந்தோசப்பட்டுட்டேனுங்க" என்றார்.

"அதனால என்னங்க தம்பி. நல்லா இருக்குதுன்னா சந்தோசம்தான். செல்லுமா செல்லாதா, அதைச் சொல்லுங்க."

"பங்குனி பாதி வரைக்கும் செல்லுங்க." அவர் தயங்கினார். ஆசை விடவில்லை. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இதை என்கிட்டக் குடுத்தீங்கன்னா ஒண்ணுக்குப் பல மடங்கா ராசா தலை தாரேன். நீங்களே ஒரு தொகையைச் சொல்லுங்க."

பாப்பாத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அதைக் கவனிக்காதது போல இருந்தார்.

"வாங்கி என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"வெச்சிருப்பேனுங்க. துணியில சுத்தி, குழாயில போட்டு, ஒரு கீறல் உழாம பாத்துக்குவேன்."

"நானும் அதைத்தானுங்க பண்ணேன், இத்தனை வருசமா." கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "பானைக்குள்ள கெடந்தது குழாய்க்குள்ள போகும். வேண்டாந் தம்பி. அவரு செமந்து வாங்குன கூலி, ஒரு நாளாவது கூலி மாதிரி செலவாகட்டும். நாளைக்குச் சந்தைக்குப் போறேன். எதையாவது வாங்கிக்கறேன்."

சின்னராசு துணியின் நான்கு முனைகளையும் சேர்த்து மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். பாப்பாத்திதான் முந்திக்கொண்டு, "நாங்களும் நாளைக்கு எறங்கறோம் அக்கா. ராத்திரிக்கு இங்கயே படுத்துக்குங்க, ஒண்ணாப் போயிரலாம்" என்றாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இறங்கினார்கள். சின்னராசுவின் தலையில் மிளகு மூட்டை, பாப்பாத்தியின் தலையில் வாழைத்தார். மாதம்மாள் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழி முழுக்க இரண்டு பெண்களும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள். சின்னராசு மட்டும் அவள் இடுப்பு முடிச்சையே பார்த்துக்கொண்டு பின்னால் இறங்கினார். ஒரு சரிவில் அவள் கால் வழுக்கி உட்கார்ந்தபோது, "காசு பத்திரங்களா?" என்று கேட்டுவிட்டு, பாப்பாத்தி முறைத்த பிறகு, "கால் அடிபட்டுச்சுங்களா?" என்றும் கேட்டார்.

சந்தையில் மாதம்மாளுக்கு எதை வாங்குவது என்று புரியவில்லை. பாத்திரக் கடையில் நின்றாள். புடவைக் கடையில் ஒரு துணியைத் தொட்டுவிட்டு விட்டாள். கடைசியில் புளிய மரத்தடியில் மாரப்பன் என்பவர் விரித்திருந்த கம்பளிக் கடையில் உட்கார்ந்துவிட்டாள். மாரப்பன் அடிவாரத்துக் குடியானவர். சொந்தப் பட்டி ஆட்டு மயிரைக் கொடுத்து நெய்து வாங்கி விற்கிறவர். கறுப்புக் கம்பளி ஒன்றை எடுத்துப் போர்த்திப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இது இருக்கட்டுங்க" என்று சொல்லி மாதம்மாள் முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்தாள்.

மாரப்பன் வாங்கினார். "ராணித் தலையா? பரவால்லீங்க, இன்னும் நாள் இருக்குது" என்றவர், காசைப் பார்த்ததும் நிறுத்தினார். நகத்தால் ஒரு தட்டு. திருப்பிப் பார்த்தார். "ஏன் அம்மணி, இது எந்த ஊருக் காசு?"

"ஏனுங்க?"

"நாப்பது வருசத்துக் காசு நேத்து வார்த்தாப்பல இருக்குது? ராணித் தலை எதுக்காவது மூக்கு இத்தனை எடுப்பா இருந்து பாத்திருக்கோமா? போதாததுக்கு மஞ்சள் வேற பூசி வெச்சிருக்குது. யாரு குடுத்தாங்க உங்களுக்கு? செல்லாமப் போற நேரம் பாத்துக் கள்ளக் காசை மலைச் சனங்க தலையில கட்டிட்டாங்க போல."

கள்ளக் காசு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் வந்து நின்றார்கள். மாதம்மாள் கம்பளியை மடியிலிருந்து மெல்ல இறக்கித் தரையில் வைத்தாள். பாப்பாத்தி வாழைத்தார் விலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து, "யாரைப் பாத்துக் கள்ளக் காசுங்கறீங்க?" என்று மாரப்பனோடு சண்டைக்கு நின்றாள்.

சின்னராசு நாலு அடி தள்ளி, மிளகு விற்ற வெறும் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவர் ஒன்றுமே பேசாமல் இருந்தால் போதும். மாரப்பன் வாங்க மாட்டார். கேள்விப்பட்ட வேறு யாரும் வாங்க மாட்டார்கள். மலையேறும்போது அந்தக் காசு மாதம்மாளின் இடுப்பில்தான் திரும்பி வரும். நாளைக்கு அவளே, செல்லாத காசு எனக்கு எதுக்கு தம்பி, என்று அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு கீறல்கூட இல்லாமல்.

அப்படியே நின்றார். மாதம்மாள் அவரைத் தேடவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரப்பன் காசை அவள் முன்னால் கம்பளியின் மேல் போட்டார். சுமந்து வாங்கிய கூலி என்று அவள் சொன்னது சின்னராசுவுக்கு ஞாபகம் வந்தது. சந்தனக்கட்டை சுமை எப்படி இருக்கும் என்று இளவயதில் சுமந்த அவர் தோளுக்குத் தெரியும்.

"அது நல்ல காசுங்க" என்று முன்னால் வந்தார். "கள்ளக் காசு இல்லீங்க."

"நீங்க அவங்க ஊட்டு ஆளுங்களா?" என்றார் மாரப்பன்.

"இல்லீங்க. காசு பாக்கறவன். உங்க பையில இருக்கற ராணித் தலை ஒண்ணு குடுங்க." மாரப்பன் கொடுத்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "வார்த்த காசா இருந்தா மேலெல்லாம் ஊசி குத்துனாப்பல பொடிப் பொடியாக் குழி இருக்கும். ஓரத்துல ஒட்டுத் தெரியும். இதுல பாருங்க, கொத்து வரி எத்தனை கூர்மைன்னு. சத்தம் கேளுங்க." இரண்டையும் கல்லின் மேல் சுண்டினார். மாரப்பனின் காசு கணீரென்றது. மாதம்மாளின் காசும் அதே குரலில், இன்னும் கொஞ்சம் நீளமாகப் பாடியது. சுண்டியது தன் கையாக இருந்தும் சின்னராசுவுக்கு உள்ளே ஒரு வலி. கல்லில் பட்ட இடத்தில் ஒரு பொட்டு விழுந்திருக்கும்.

"சத்தம் சரிதான். ஆனா இத்தனை புதுசு?" என்றார் மாரப்பன், அரை மனதாக.

"எங்கயோ கஜானா மூட்டையில கட்டு அவுக்காம இருந்து, அப்பறம் ஒரே ஒருத்தர் ஊட்டுல தூங்கியிருக்குதுங்க. தேயறதுக்கு யாரும் தொடல. நெறுத்துப் பாத்தாத் தெரிஞ்சுரும்."

எதிர்ச் சாரியில் தராசு வைத்திருந்த ஆசாரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சின்னராசு கேட்டதும் ஒரு ரூபாய் எடைப் படிக்கல்லை ஒரு தட்டில் போட்டு, மாரப்பனின் காசை மறு தட்டில் வைத்தார். தேய்ந்த காசு ஒரு நூல் மேலே எழுந்தது. அதை எடுத்துவிட்டு மாதம்மாளின் காசை வைத்தார். தட்டுகள் ஆடி, மெல்ல நின்று, முள் நேராக நின்றது. "முழு எடைங்க. சுத்த வெள்ளி. நான் வேணா வாங்கிக்கறேன்" என்றார் ஆசாரி.

மாரப்பன் மாதம்மாள் பக்கம் திரும்பி, "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. காலம் அப்படி இருக்குது" என்று கம்பளியை மடித்து அவள் மடியிலேயே வைத்தார், மீதிச் சில்லறையையும் கொடுத்தார். பிறகு ரூபாயைத் தோல்பையில் போட்டார். உள்ளே மற்ற காசுகளின் மேல் அது விழுந்த சத்தம் சின்னராசுவின் பல்லைக் கூசச் செய்தது.

மாதம்மாள் சில்லறையில் பொரிகடலையும் வெல்லமும் வாங்கினாள். மூவரும் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து தின்றார்கள். அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாசி வெயிலில் வியர்த்து வழிந்தது, ஆனாலும் எடுக்கவில்லை. அழுதாளா என்று சின்னராசு ஓரக்கண்ணால் பார்த்தார். அழவில்லை. வெல்லத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

வாயில் இருந்த பொரியை விழுங்கிவிட்டு அவர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, இப்ப அது அந்தக் கம்பளிக்காரரு காசுதானுங்களே. நான் போய் மாத்திக் கேக்கட்டுங்களா?"

மாதம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கிட்ட எதுக்குங்க தம்பி கேக்கறீங்க? போய்க் கேளுங்க."

வேகமாகப் போனவர் சீக்கிரமே வெறுங்கையோடு திரும்பினார். மாரப்பன் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "முழு எடை, சுத்த வெள்ளி, ஒருத்தர் கையும் படாததுன்னு இத்தனை பேருக்கு முன்னாடி நீங்கதானே சொன்னீங்க? அப்படிப்பட்டதை நான் ஏனுங்க குடுக்கணும்? இனி இது என் ராசிக் காசு" என்றாராம். ஒன்றுக்கு மூன்று தருகிறேன் என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறார். கேட்கக் கேட்க மாரப்பனின் பிடி இறுகியதுதான் மிச்சம்.

பாப்பாத்தி மலையேறும்போது நினைத்து நினைத்துச் சிரித்தாள். "நீங்க நல்ல காசுன்னு சொன்னதுல அந்த ஆளு நல்லாக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு" என்றாள். சின்னராசு முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நடந்தார். சுனைக்கு வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பங்குனி போனது. சின்னராசு நல்லதாகச் சிலவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்ற ராணித் தலைகளையெல்லாம் மூட்டை கட்டி நாமக்கல் கஜானாவில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தார். பாப்பாத்தி ஆசைப்பட்ட கறவை மாடு ஆடி மாதம் வந்து சேர்ந்தது. சாதுவான மாடு, ஆனால் சின்னராசுவைக் கண்டால் மட்டும் உதைக்கும்.

மாரப்பன் காசைக் கஜானாவுக்குக் கொண்டுபோகவில்லை. சொன்னபடியே ராசிக்கு வைத்துக்கொண்டார். காசுப் பையில் கிடந்தால்தான் வியாபாரம் என்று, தனியாக எடுத்து வைக்காமல் மற்றவற்றோடு போட்டு வைத்திருந்தார். சின்னராசு ஒவ்வொரு சந்தைக்கும் கம்பளிக் கடைப் பக்கம் போவார். மிளகு கொஞ்சம் கொடுத்தால் மாரப்பன் பையைத் துழாவி அதை எடுத்துக் காட்டுவார். மழைக்காலம் முடிவதற்குள் கன்னம் மங்கிவிட்டது. ஓரத்து மஞ்சள் வளையம் போய்விட்டது. அடுத்த வருடம் காதுக்கு மேல் முடியில் இழைகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கின. "ஒரு துணியிலயாவது சுத்தி வைங்களேன்" என்று சின்னராசு கெஞ்சிப் பார்த்தார். மாரப்பன் கேட்கவில்லை. தினம் அதைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றி, விரலால் தடவிவிட்டுத்தான் கடை விரிப்பார்.

மாதம்மாள் சந்தைக்குப் போகும்போதெல்லாம் முதல் நாளே வந்து பாப்பாத்தியோடு தங்குவாள். காடு கொத்தப் போகும்போதுகூடக் கம்பளி தோளில் இருக்கும். ஒரு மூலையில் பூச்சி அரித்து ஓட்டை விழுந்திருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வெளியே போக வழியில்லாமல் மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பலாக்கொட்டை சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க ராணி எப்படி இருக்கறாங்க தம்பி?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"புருவம் போகுதுங்க அக்கா" என்றார் சின்னராசு. "போன சந்தையில பாத்தேன். மூணாங் குழாய்க்கு, புழங்குனதுக்கு வந்துட்டுது."

"நல்லாப் புழங்கட்டும்" என்று மாதம்மாள் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கொட்டையை எடுத்து, சூட்டுக்குக் கை மாற்றி மாற்றிப் பிடித்து, தோலை உரித்து அவர் பக்கம் நீட்டினாள். "இது நல்லா வெந்துருச்சு, தின்னுங்க."